விதையிலிருந்து போன்சாய்: புதுசா ஆரம்பிக்கிறவங்க கேக்குற கேள்விகள்

போன்சாய் மேல ஆசை வந்த நிறைய பேர் முதல்ல கையில எடுக்குறது விதையத்தான். நல்ல விஷயம்தான், ஆனா விதை போட்ட அன்னைக்கே சந்தேகமும் முளைக்க ஆரம்பிச்சிடுது. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சத இங்க சேர்த்து எழுதுறேன். படிக்கிறதுக்கு முன்னாடி ஒன்னு மட்டும் மனசுல வாங்கிக்கோங்க, கீழ இருக்குற பாதி பதில் இதுல இருந்துதான் வருது: விதையில ஆரம்பிச்சா முதல் சில வருஷம் நீங்க வளர்க்குறது போன்சாயே இல்ல, ஒரு சாதாரண மரக்கன்னு. அது நல்லா தழைச்சு, தடிச்சு வளரணும். சின்னதாக்குற வேலையெல்லாம் அதுக்கப்புறம்தான்.

போன்சாய் விதைன்னு தனியா ஒன்னு இருக்கா?

இல்ல. அப்படி ஒரு விதை உலகத்துல எங்கயுமே கிடையாது. போன்சாய்ங்கிறது மரத்தோட ரகம் இல்ல, மரத்த வளர்க்குற முறை. ஆலமரத்து விதையப் போட்டா ஆலமரம்தான் வரும், அத மண்ணுல விட்டா வானத்தத் தொடும், தொட்டியில வச்சு வேரையும் கிளையையும் கவாத்து பண்ணிக்கிட்டே வந்தா போன்சாய் ஆகும். நூறு வருஷ போன்சாய்ல இருந்து விதை எடுத்து நிலத்துல போட்டாலும் அது முழு சைஸ் மரமாத்தான் வளரும்.

அதனால பாக்கெட்ல போன்சாய் விதைன்னு போட்டு அதிக காசுக்கு விக்கிறத வாங்க வேண்டியதில்ல. அதே மரத்தோட சாதாரண விதை போதும். நீலக் கலர் மேப்பிள், வானவில் கலர் மேப்பிள்னு படம் போட்டு வர்றது இன்னும் மோசம், நீல இலை மேப்பிள்னு ஒரு மரமே கிடையாது, அது கம்ப்யூட்டர்ல கலர் மாத்துன போட்டோ. இன்னொன்னு, பேர் வச்ச ஒட்டு ரகம் எதையும் விதை மூலமா அப்படியே கொண்டு வர முடியாது. சிவப்பு இலை மேப்பிள்ல இருந்து எடுத்த விதையில பச்சை இலைக் கன்னும் வரும், ரெண்டுங்கெட்டான் கலர்லயும் வரும். அதே குணம் வேணும்னா பதியமோ கட்டிங்கோ ஒட்டோதான் வழி.

எத்தனை வருஷம் ஆகும்? உண்மையச் சொல்லுங்க.

பாத்ததும் இது போன்சாய்னு யாரும் சொல்ற மாதிரி ஒரு மரம் வர பத்துல இருந்து பதினஞ்சு வருஷம். வருஷம் முழுக்க சூடா இருக்குற ஊர்ல ஆல், அத்தி வகைகள், புளி மாதிரி வேகமா வளர்ற மரத்த பெரிய தொட்டியில வச்சீங்கன்னா அதுல பாதி காலத்துலயே நல்ல தண்டு கிடைக்கலாம். பைன், ஜூனிப்பர் மாதிரி மெதுவா வளர்றதுக்கு கூடவே ஆகும்.

தோராயமா சொல்லணும்னா முதல் வருஷம் முளைச்சு நிக்கிறதே பெரிய காரியம். ரெண்டாவது வருஷம் வேர் வேலை, தண்டுல சின்ன வளைவு. மூணுல இருந்து ஆறு ஏழு வருஷம் வரைக்கும் தண்டு தடிக்கிறதுக்காக சும்மா வளர விடுறது. அதுக்கப்புறம் தண்ட வெட்டி கிளை கட்டுறது. கடைசியாத்தான் அந்த அழகான தட்டையான தொட்டி. இந்தக் கணக்கு கேட்டு மனசு தளர வேண்டாம், ஏன்னா நடுவுல ஒவ்வொரு வருஷமும் செய்ய ஏதாவது இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

அப்போ விதையில ஏன் ஆரம்பிக்கணும்? நர்சரியில ஒரு செடி வாங்கி வெட்டிக்கலாமே?

வாங்கலாம், வாங்குங்க. நான் சொல்றது ரெண்டையும் சேர்த்துப் பண்ணுங்கன்னுதான். நர்சரி செடியில இன்னைக்கே கவாத்து பழகலாம், ஒயர் சுத்திப் பழகலாம், வேர் வெட்டிப் பழகலாம். விதைக்கன்னு அந்த வேலைக்கு தயாராகுற நேரத்துல உங்க கையும் தயாரா இருக்கும்.

ஆனா விதையில மட்டும் கிடைக்கிற ஒன்னு இருக்கு. தண்டோட அடிப்பகுதியும் அதச் சுத்தி மண்ணு மேல தெரியுற வேர் அமைப்பும் முழுசா உங்க கையில இருக்கும். நெபாரின்னு ஜப்பான்ல சொல்ற அந்த வேர் விரிப்புதான் ஒரு போன்சாயோட வயச கண்ணுக்குக் காட்டுறது. நர்சரி செடியில அது பெரும்பாலும் ஒரு பக்கமா சுருண்டு, பையோட ஓரத்துல முறுக்கிக்கிட்டு கெடக்கும், அத சரி பண்ணவே வருஷக்கணக்கா ஆகும். விதைக்கன்னுல முதல் வருஷத்துல இருந்தே வேர எட்டுத் திசைக்கும் பிரிச்சு விடலாம். தண்டோட முதல் ரெண்டு இன்ச் வளைவும் அப்படித்தான், அது பென்சில் தடிமன் தாண்டிடுச்சுன்னா வளைக்கிறது கஷ்டம், கட்டைவிரல் தடிமன் வந்துட்டா அனேகமா நடக்காது. ஜப்பான்ல விதையில இருந்து வளர்த்த மரத்த மிஷோன்னு தனியா பேர் சொல்லி மதிக்கிறதுக்குக் காரணமே இந்த அடிப்பகுதிதான்.

முதல் தடவைக்கு எந்த மரம் நல்லது?

உங்க ஊர்ல வெளியில தானா வளர்ற மரம். இத விட நல்ல பதில் எதுவும் இல்ல. குளிர்காலம் சரியா வர்ற ஊர்ல இருந்தா மேப்பிள், எல்ம், பைன். குளிரே இல்லாத ஊர்ல இருந்தா அதெல்லாம் வேண்டாம், அந்த மரங்களுக்கு குளிர்ல வளர்ச்சிய நிறுத்தி தூங்குற காலம் ஒன்னு வேணும், அது கிடைக்கலன்னா ஒரு வருஷம் ரெண்டு வருஷம் தாக்குப்பிடிச்சிட்டு மெலிஞ்சு போயிடும்.

சூடான ஊருக்கு என் முதல் சாய்ஸ் புளி. விதை பெருசு, கையாள சுலபம், முளைக்கிறதும் சுலபம், இலை ஏற்கனவே பொடிப்பொடியா இருக்கும், பட்டை சின்ன வயசுலயே வெடிப்பு விட்டு கிழட்டுக் களை வந்துடும். கொடுக்காப்புளியும் இதே வகைதான், ஆனா முள் இருக்கு, பாத்துக்கோங்க. மாதுளை ரொம்ப நல்லது, அதுலயும் நானான்னு ஒரு குட்டை ரகம் இருக்கு, அது விதையிலயே ஓரளவுக்கு அதே குணத்தோட வரும், சின்னதுலயே பூத்தும் விடும். அடீனியம்னு சொல்ற பாலைவன ரோஜா விதை பொதுவா ஒரு வாரம் பத்து நாள்ல முளைச்சிடும், அடி உருண்டையா பருத்து வர்றத பாக்குறதே ஒரு சந்தோஷம், விதையில வளர்த்தாத்தான் அந்த உருண்டை ஒழுங்கா வரும், கட்டிங்ல அவ்ளோ நல்லா வராது.

ஆல், அரசு, அத்தி வகை போன்சாய்க்கு அருமை, ஆனா விதை தூசி மாதிரி இருக்கும். இந்த வகை ஒவ்வொன்னுக்கும் அதுக்கே உரிய ஒரு குட்டிக் குளவி மகரந்தம் சேர்த்தாத்தான் விதை முளைக்கும், குளவி இல்லாத நாட்டுல வளர்ற மரத்தோட பழத்துல எத்தனை தேடுனாலும் முளைக்கிற விதை கிடைக்காது. பறவை எச்சத்துல வந்து சுவத்து இடுக்குல முளைச்ச கன்னு கிடைச்சா அத மெதுவா எடுத்து வச்சுக்கோங்க, அதுவும் விதைக்கன்னுதானே.

ஜகரண்டா, குல்மோகர் ரெண்டும் விதை கிட்ல அடிக்கடி வரும். முளைக்கும், நல்லாவும் வளரும், ஆனா இலை ஒவ்வொன்னும் அடி நீளத்துக்கு மேல போகும், சின்ன மரத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஜூனிப்பர் விதையும் முதல் தடவைக்கு வேண்டாம், முளைக்கவே ரெண்டு வருஷம் வரைக்கும் எடுத்துக்கும், அதனாலதான் எல்லாரும் அத கட்டிங்ல வளர்க்குறாங்க.

எத்தனை விதை போடணும்?

நிறைய. ஒரே ஒரு விதையப் போட்டு அத ராஜகுமாரன் மாதிரி பாத்துக்கிறதுதான் மனசு ஒடஞ்சு போற வழி. இருபது முப்பது போடுங்க. கொஞ்சம் முளைக்காது, கொஞ்சம் அழுகும், கொஞ்சம் சவலையா நிக்கும், மீதியில அஞ்சாறு நல்லா வரும், அதுல ஒன்னு ரெண்டு வேர் அமைப்போட அசத்தலா இருக்கும். விதையில வளர்க்குறவங்களுக்கு இருக்குற பெரிய வசதியே இப்படி பொறுக்கி எடுக்க முடியுறதுதான்.

விதை நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரியும்?

தண்ணியில ஒரு ராத்திரி போடுங்க. அடியில தங்குறது பெரும்பாலும் நல்லது, மிதக்குறது பெரும்பாலும் சொத்தை. பெரும்பாலும்னு சொல்றேன், ஏன்னா பஞ்சு மாதிரி லேசான விதைக்கும் இறக்கை ஒட்டியிருக்குற விதைக்கும் இந்த டெஸ்ட் சரிப்படாது, மிதக்குறதையும் தனியா ஒரு ஓரத்துல போட்டு வைங்க.

வயசும் முக்கியம். புளி மாதிரி கெட்டி ஓட்டு விதைய காய வச்சு வருஷக்கணக்கா வைக்கலாம். வேம்பு விதை பழுத்து விழுந்த சில வாரத்துலயே உயிர விட்டுடும், அத வாங்குறத விட மரத்தடியில பொறுக்கி உடனே போடுறதுதான் சரி. ஓக் மரத்து விதையும் காய விட்டா போச்சு.

விதைய ஊற வைக்கணுமா? சிலர் வெந்நீர்ங்கிறாங்க, சிலர் ஃப்ரிட்ஜ்ங்கிறாங்க.

ரெண்டும் சரி, வேற வேற விதைக்கு. ரெண்டையும் ஒரே விதைக்குப் பண்றதுலதான் குழப்பம்.

கெட்டி ஓடு இருக்குற விதைக்கு பிரச்சினை என்னன்னா தண்ணி உள்ள போகாது. தண்ணிய கொதிக்க வச்சு அடுப்ப அணைச்சு, ஒரு நிமிஷம் விட்டு விதையப் போட்டு, அப்படியே ஆற விட்டு ஒரு நாள் ஊற விடுங்க. அடுப்பு மேல வச்சே கொதிக்க விட்டீங்கன்னா விதை வெந்துடும். மறுநாள் பாத்தா சிலது உப்பியிருக்கும், அத எடுத்து நட்டுடுங்க. உப்பாதத உப்புத்தாள்ல ஒரு பக்கம் தேய்ங்க, உள்ள வெளிர் நிறம் லேசா தெரியுற வரைக்கும் போதும், அப்புறம் திரும்ப ஊற வைங்க. விதைக்கு ஒரு தழும்பு மாதிரி இருக்கும்ல, அந்தப் பக்கம் தேய்க்காதீங்க, முளை பெரும்பாலும் அதுக்குப் பக்கத்துலதான் இருக்கும்.

ஃப்ரிட்ஜ் கதை குளிர்நாட்டு மரத்துக்கு. அந்த விதைக்குள்ள ஒரு பூட்டு இருக்கு, ஈரமும் குளிரும் சேர்ந்து ஒரு குளிர்காலம் கழிஞ்சாத்தான் அது திறக்கும், இல்லன்னா இலையுதிர் காலத்துல விழுந்த விதை அப்பவே முளைச்சு பனியில செத்துடும்ல. நாம அந்தக் குளிர்காலத்த ஃப்ரிட்ஜ்ல குடுக்குறோம். ஊற வச்ச விதைய ஈரமான மணல்லயோ கோகோபீட்லயோ (தேங்காய் நார்த்தூள்) கலந்து ஜிப் கவர்ல போட்டு, ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல வைங்க, ஃப்ரீசர்ல இல்ல. ஒன்னுல இருந்து அஞ்சு டிகிரி செல்சியஸ் இருந்தா சரி. ஜப்பானிய மேப்பிளுக்கு 90 முதல் 120 நாள், ஜப்பானிய கருப்பு பைனுக்கு 30 முதல் 60 நாள் போதும். வாரம் ஒரு தடவை திறந்து பாருங்க, பூஞ்சை வந்தத தூக்கிப் போடுங்க, உள்ளயே வெள்ளையா முளை விட்டத எடுத்து நட்டுடுங்க. ஈரம் கசியுற அளவுதான் இருக்கணும், தண்ணி தேங்கக் கூடாது. ரொம்ப காஞ்ச பழைய மேப்பிள் விதை சில சமயம் ரெண்டாவது குளிர்காலத்துக்கு அப்புறம்தான் எழுந்திரிக்கும், ஒரு வருஷம் முளைக்கலன்னு தொட்டிய கொட்டிடாதீங்க.

ஆல், அத்தி, அடீனியம், மாதுளைக்கெல்லாம் இந்த எதுவும் வேண்டாம். மாதுளை விதையச் சுத்தியிருக்குற சதைய மட்டும் சுத்தமா கழுவிடுங்க.

எந்த மண்ணுல போடணும், எவ்ளோ ஆழம்?

தோட்டத்து மண் வேண்டாம். அது இறுகும், தண்ணி தேங்கும், கூடவே பூஞ்சையும் பூச்சி முட்டையும் வரும். ஆத்து மணல் மாதிரி கொரகொரப்பா ஒன்னு, பெர்லைட் (பொரிஞ்ச மாதிரி லேசான வெள்ளைக் கல்) இல்லன்னா பொடி பியூமிஸ் (நுரைக்கல்), கூட கொஞ்சம் கோகோபீட், அவ்ளோதான். விதைக்குள்ளயே முதல் சாப்பாடு இருக்கு, அதனால இப்ப உரம் கலக்க வேண்டாம். கடல் மணல் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், உப்பு.

ஆழம் விதையோட தடிமன் மாதிரி ரெண்டு மடங்கு. தூசி மாதிரி இருக்குற ஆல், அத்தி விதைய மூடவே கூடாது, ஈரமான கலவை மேல தூவி விட்டு, ஒரு கண்ணாடி டம்ளரோ பிளாஸ்டிக் மூடியோ கவுத்து வைங்க, அதுக்கு வெளிச்சம் வேணும். முளைச்சதும் மூடிய கொஞ்சம் கொஞ்சமா திறந்து காத்துக்குப் பழக்குங்க.

முளைச்சு நல்லா நின்னுச்சு, திடீர்னு அடித்தண்டு மெலிஞ்சு சாஞ்சிடுச்சு. ஏன்?

நாத்தழுகல். பித்தியம், ரைசாக்டோனியா மாதிரி மண்ணுல இருக்குற பூஞ்சையும் பூஞ்சை மாதிரியான கிருமிங்களும் பண்ற வேலை. மண்ணு மட்டத்துல தண்டு நூல் மாதிரி சுருங்கி, மேல இலை பச்சையா இருக்கும்போதே செடி படுத்துடும். சாஞ்சத காப்பாத்த முடியாது, அத மண்ணோட எடுத்துப் போட்டுட்டு மத்தத காப்பாத்துற வழியப் பாருங்க.

காரணம் கிட்டத்தட்ட எப்பவும் ஈரம் அதிகம், காத்து கம்மி, நெருக்கமா விதைச்சது, இந்த மூணுதான். தொட்டிய கழுவி வெயில்ல காய வச்சு, கலவைய புதுசா போட்டு, தண்ணிய மேல ஊத்தாம ஒரு தட்டுல நிரப்பி தொட்டிய அதுல வச்சு கீழ இருந்து உறிஞ்ச விட்டு, மேல் மண் லேசா வெளுத்ததுக்கு அப்புறம்தான் அடுத்த தண்ணின்னு இருந்தீங்கன்னா பாதிக்கு மேல தடுத்துடலாம். காத்தோட்டம் கட்டாயம். முதல் ரெண்டு மாசம் தாண்டி தண்டு கொஞ்சம் மரமாக ஆரம்பிச்சிட்டா இந்த பயம் குறைஞ்சிடும்.

தினமும் தண்ணி ஊத்தணுமா?

தினமும் பாக்கணும். ஊத்தணுமா வேண்டாமான்னு விரல் சொல்லும், மேல் மண்ண தொட்டுப் பாருங்க. ஊத்துனா அடி ஓட்டை வழியா வெளிய வர்ற அளவுக்கு நல்லா ஊத்துங்க, அர டம்ளர் தெளிச்சிட்டுப் போறது வேருக்கு எட்டாது. கொரகொரப்பான கலவையில வெயில் காலத்துல ஒரே நாள்ல ரெண்டு தடவை கூட தேவைப்படும்.

வீட்டுக்குள்ள, மேஜை மேல வச்சு வளர்க்கலாமா?

வேண்டாம். படத்துல மேஜை மேல இருக்குறது போட்டோவுக்காக வச்சது. மரம்னா வெளியில இருக்க வேண்டியது, வெளிச்சம் பத்தலன்னா நாத்து வெளிச்சத்த தேடி நீளமா வெளிறிப் போய் வளரும், அந்த நீட்டம் அடித்தண்டுல விழுந்துட்டா பின்னால அத சரி பண்ண வழியே இல்ல, விதையில ஆரம்பிச்சதோட லாபமே அதுல போயிடும். வெளியிடமே இல்லன்னா ஆல், அத்தி வகைய மட்டும் நல்ல வெயில் விழுற ஜன்னல் ஓரத்துல முயற்சி பண்ணலாம், மெதுவா வளரும்.

வெயிலுக்கு படிப்படியா பழக்குங்க. முதல்ல காலை வெயில், ரெண்டு மூணு வாரம் கழிச்சு முழு வெயில்.

உரம் எப்போ?

நிஜ இலை நாலு வந்ததுக்கு அப்புறம். முதல்ல வர்ற ரெண்டு விதையிலை கணக்குல இல்ல. பாக்கெட்ல போட்டிருக்குற அளவுல கால்வாசி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஒரு வயசு தாண்டுனதும் தாராளமா குடுங்க, தழைச்சத்து நிறைய இருக்குறதையே குடுங்க. போன்சாய்க்கு உரம் கம்மியா போட்டாத்தான் சின்னதா இருக்கும்னு ஒரு நம்பிக்கை ஓடுது, அது தப்பு, பட்டினி போட்டா மரம் நோஞ்சானாத்தான் ஆகும், அழகா ஆகாது.

ஆணிவேர வெட்டுனா செடி செத்துடாதா?

சரியான நேரத்துல வெட்டுனா சாகாது. இதுதான் விதைக்கன்னுல பண்ணப்போற முதல் பெரிய வேலை, இதுல கவனம் வைங்க.

குளிர்நாட்டு மரத்துக்கு குளிர்காலம் முடிஞ்சு மொட்டு உப்புற நேரம், சூடான ஊர் மரத்துக்கு நல்லா தளிர் விட்டுக்கிட்டு இருக்குற நேரம். கன்ன எடுத்து மண்ண உதறி வேரக் கழுவிப் பாருங்க. நடுவுல நேரா கீழ போற ஆணிவேர, மேல இருக்குற பக்கவேருங்களுக்குக் கீழ வெட்டிடுங்க. பக்கவேரே அதிகம் இல்லன்னா முழுசா வெட்டாம பாதி மட்டும் வெட்டிட்டு அடுத்த வருஷம் மீதிய எடுங்க. இருக்குற பக்கவேர சக்கரத்து ஆரம் மாதிரி சுத்தி விரிச்சு நடுங்க. அடியில ஒரு ஓட்டுத்துண்டோ டைலோ வச்சு அது மேல வேர விரிச்சு வச்சா வேர் கீழ போகாம பக்கவாட்டுலயே ஓடும். நட்டப்புறம் ரெண்டு மூணு வாரம் நிழல், உரம் வேண்டாம், ஆடாம இருக்க கட்டி வைங்க, புதுசா விடுற பொடி வேர் செடி ஆடுனா அறுந்து போகும்.

பைன்ல இன்னும் ஒரு படி மேல போறாங்க. கருப்பு பைன் நாத்து ரெண்டு மாசம் போல ஆகி தண்டு லேசா ஊதா கலர் திரும்புறப்ப, மண்ணுக்கு மேலயே கூர்மையான பிளேடால தண்ட வெட்டி, வேரே இல்லாத அந்த மேல் பாதிய வேர் ஊக்கி மருந்துல தொட்டு சுத்தமான மணல்ல நடுறது. வெட்டுன இடத்தச் சுத்தி வட்டமா வேர் விடும், ஆணிவேர்ங்கிற பேச்சே இருக்காது. சிலது போகும், அதுக்குத்தான் நிறைய விதை போடச் சொன்னேன்.

அழகான போன்சாய் தொட்டி வாங்கி வச்சுட்டேன். எப்போ மாத்தலாம்?

தண்டு நீங்க நினைச்ச தடிமன் வந்ததுக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி மாத்துனா மரம் அப்படியே நின்னுடும், தண்டு அஞ்சு வருஷம் கழிச்சும் தீக்குச்சியாத்தான் இருக்கும். விதையில வளர்க்குறவங்க பண்ற தப்புலயே பெரிய தப்பு இதுதான், விதை கிட் கூட வர்ற அந்த குட்டித் தொட்டியும் இதத்தான் தூண்டி விடுது.

தண்டு எதனால தடிக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டா இது தெளிவாயிடும். இலை சக்கரை தயாரிக்குது, அத வச்சு பட்டைக்கு அடியில இருக்குற வளர்படலம் வருஷா வருஷம் புது மரம் சேர்க்குது. நிறைய இலை, ஓட நிறைய இடம் உள்ள வேர், தண்டு தடிக்கும். இலையையும் வேரையும் ரெண்டையும் குறைச்சா தடிக்கிறது நின்னுடும். ஜப்பான்ல தகமாட்சு பக்கம் கினாஷி, கொக்குபுஞ்சின்னு பைன் போன்சாய்க்கு பேர் போன இடங்கள் இருக்கு, அங்க வயல்ல வரிசை வரிசையா பைன் நிக்கும், வருஷக்கணக்கா நிலத்துல வளர்ந்ததுக்கு அப்புறம்தான் தொட்டிக்கே வரும்.

நிலம் இல்லன்னா பெரிய தொட்டி, இல்லன்னா ஓட்டை ஓட்டையா இருக்குற பிளாஸ்டிக் கூடை. கூடையில ஒரு லாபம் இருக்கு, வேர் ஓரத்துக்கு வந்ததும் காத்து பட்டு நுனி காஞ்சிடும், அங்க இருந்து பின்னால பொடிவேர் நிறைய கிளைக்கும், சுருண்டுக்காது.

எவ்ளோ தடிமன் போதும்? உயரத்துல ஆறுல ஒரு பங்குன்னு பொதுவா ஒரு கணக்கு வச்சுக்கிறாங்க, முப்பது சென்டிமீட்டர் மரம்னா அடி அஞ்சு சென்டிமீட்டர்.

அப்போ கிளைய வெட்டவே கூடாதா?

முதல் ரெண்டு மூணு வருஷம் கிட்டத்தட்ட வேண்டாம். கை துறுதுறுக்கும், நர்சரி செடிய வெட்டிக்கோங்க. விதைக்கன்னு ஆள் உயரம் போனாலும் விடுங்க. அடியில ஒரு கிளைய மட்டும் வெட்டாம ஓட விட்டா அதுக்குக் கீழ இருக்குற தண்டு நல்லா தடிக்கும், வேலை முடிஞ்சதும் அந்தக் கிளைய எடுத்துடுவோம், தியாகக் கிளைன்னு இதச் சொல்றது.

தடிச்சதுக்கு அப்புறம் தண்டையே வெட்டணும். கடைசியில வரப்போற உயரத்துல மூணுல ஒரு பங்கு உயரத்துல முதல் வெட்டு. அங்க இருந்து வர்ற புதுத் தளிர்ல ஒன்ன தலைமைத் தண்டாக்கி, அது தடிச்சதும் அதையும் இன்னும் கொஞ்சம் மேல வெட்டி, இப்படி திரும்பத் திரும்பப் பண்ணாத்தான் அடி பெருத்து நுனி சிறுத்த அமைப்பு வரும். அகலமான இலை மரத்துல இது சரி. பைன்ல ஊசி இலையே இல்லாத பழைய கட்டைக்கு வெட்டுனா திரும்ப தளிர்க்காது, கீழ பச்சை இருக்கான்னு பாத்துட்டு அதுக்கு மேல வெட்டுங்க.

ஒயர் எந்த வயசுல?

தண்டுக்கு ஒன்னுல இருந்து ரெண்டு வயசுல, அது இன்னும் வளையுறப்பவே. அலுமினிய ஒயர் போதும், தண்டு தடிமன்ல மூணுல ஒரு பங்கு, 45 டிகிரி சாய்வுல சுத்துங்க. அடி மண்ணுல இருந்தே வளைவு ஆரம்பிக்கட்டும், ஒரே தளத்துல பாம்பு மாதிரி இடம் வலம்னு மட்டும் வளைக்காம முன்னாடி பின்னாடியும் திருப்புங்க. வளர்ற காலத்துல வாரம் ஒரு தடவை பாக்கணும், பட்டையில பதிய ஆரம்பிச்சா உடனே எடுக்கணும், சுத்தி கழட்டாம துண்டு துண்டா வெட்டி எடுங்க, கிளை உடையாது.

இலை பெருசாவே இருக்கு, எப்போ சின்னதாகும்? பூ, காய்?

இலை கடைசியில சின்னதாகும். கிளை பிரிஞ்சு பிரிஞ்சு நுனி நிறைய ஆகுறப்ப ஒவ்வொரு நுனிக்கும் கிடைக்கிற சத்து குறையும், இலை தானா சிறுக்கும். ஒரே காம்புல பொடி இலை நிறைய சேர்ந்த கூட்டிலை உள்ள மரத்துல அந்த மொத்த அமைப்பும் அவ்ளோவா சிறுக்காது, அதனாலதான் ஜகரண்டா வேண்டாம்னேன். பூவும் பழமும் சிறுக்கவே சிறுக்காது, கையளவு மரத்துல முழு சைஸ் மாதுளம்பழம் தொங்கும், அதனாலதான் சின்ன பழம் விடுற ரகமா தேர்ந்தெடுக்கணும். விதைக்கன்னு பூக்க பல மரங்கள்ல வருஷக்கணக்கா ஆகும், பூதான் முக்கியம்னா கட்டிங், பதியம் எடுத்துக்கோங்க.

பத்து வருஷம் காத்திருக்க முடியல. விதையிலயே சீக்கிரம் ஏதாவது பாக்க முடியுமா?

முடியும். தோப்பு. ஒரே மரத்தோட கன்னுங்க ஏழு, ஒன்பது, பதினொன்னு எடுத்து, வேற வேற உயரம், வேற வேற தடிமன்ல, தட்டையான ஒரு தட்டுல நட்டீங்கன்னா மூணு நாலு வயசுலயே ஒரு சின்னக் காடு கிடைச்சிடும், இதுல ஒல்லித் தண்டுதான் அழகு. தடியா உயரமா இருக்குறத நடுவுக்குக் கொஞ்சம் பக்கமா வைங்க, மூணு மரம் ஒரே நேர்கோட்டுல வராம பாத்துக்கோங்க.

இன்னொன்னு, ஆல், அத்தி கன்னுங்க பத்து பதினஞ்ச ஒன்னா சேர்த்து இறுக்கமா கட்டி வச்சா சில வருஷத்துல ஒட்டி ஒரே தண்டாயிடும். ட்ரைடென்ட் மேப்பிள்லயும் இது நல்லா வரும். உள்ளங்கை சைஸ் மரமும் விதைக்கு ஏத்தது, பத்து சென்டிமீட்டர் மரத்துக்கு ரெண்டு சென்டிமீட்டருக்கும் கம்மியான அடி போதுமே.

வேர வெட்டி, கம்பி சுத்தி, இது மரத்தக் கொடுமைப்படுத்துறது இல்லையா?

நியாயமான கேள்வி. கஷ்டத்துல இருக்குற மரம் தளிர்க்காது, பூக்காது, வெட்டுன காயத்த மூடாது. நல்லா பராமரிச்ச போன்சாய் இது எல்லாமே பண்ணும், பல தடவை காட்டுல இருக்குற அதே மரத்த விட அதிக காலம் வாழும். வாஷிங்டன்ல அமெரிக்க தேசிய தாவரப் பூங்காவுல இருக்குற போன்சாய் மியூசியத்துல ஒரு ஜப்பானிய வெள்ளை பைன் இருக்கு, 1625ல இருந்து தொட்டியில வளர்றது. ஹிரோஷிமாவுல யமாகி குடும்பத்து வீட்டுல இருந்த மரம், 1945 ஆகஸ்ட் 6ல குண்டு விழுந்த இடத்துல இருந்து சுமார் மூணு கிலோமீட்டர்ல, மதில் சுவருக்குப் பின்னால இருந்து தப்பிச்சது. 1976ல மசாரு யமாகி அத அமெரிக்காவுக்கு பரிசா குடுத்தார். தலைமுறை தலைமுறையா ஆளுங்க வேர வெட்டி மண்ண மாத்திக்கிட்டே வந்ததாலதான் அது இன்னைக்கும் பச்சையா நிக்குது.

லேபிள் எழுதி வைக்கணுமா?

கண்டிப்பா. மரத்தோட பேரு, விதை எங்க கிடைச்சது, விதைச்ச தேதி, பின்னால ஒவ்வொரு தடவை வேர் வெட்டுன தேதி. பென்சில்ல எழுதுங்க, மார்க்கர் மை வெயில்ல ஒரே வருஷத்துல வெளுத்துடும். ஒரு லேபிள் மண்ணுக்கு மேல, அதே மாதிரி இன்னொன்னு தொட்டியோட உள் ஓரத்துல மண்ணுக்குள்ள புதைச்சு வைங்க, மேல இருக்குறத அணிலோ காத்தோ எடுத்துட்டுப் போனாலும் உள்ள ஒன்னு இருக்கும்.